கல்லில் இல்லாத பூஜ்ஜியம்

சவரிமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பத்தாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் உள்ளே வந்து ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். தலைமையாசிரியரின் கையெழுத்து. “நம் பள்ளியில் முன்பு கணித ஆசிரியராக இருந்த திரு. சவரிமுத்து நேற்று காலமானார். இரங்கல் தீர்மானம் எழுதித் தரவும். பூஜ்ஜியம் பற்றி அவர் ஆராய்ந்ததைக் குறிப்பிடவும். அரைப் பக்கத்துக்கு மிகாமல்.”

அரைப் பக்கம். பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அரைப் பக்கம். சீட்டைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பூஜ்ஜியம் பற்றி அவர் எழுதி வைத்ததற்காக நாலு வருடத்துக்கு முன் அவர்மேல் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிய அதே பேனாவால்தான் இந்தச் சீட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

அவரை அறிந்த ஆசிரிய நண்பர்களே, அந்த அரைப் பக்கத்தை நான் எழுதித் தரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். இந்த நினைவு மலரின் பொறுப்பாளர் எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு விஷயம் முழுவதும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முதலில், அவர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்தது. அவருக்கு வேலை தொப்பூருக்கு மேற்கே, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டே பஸ் வருகிற ஓர் ஊரில். வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்குவார். சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி மூன்று பஸ் மாறிப் போவார். அந்தத் திங்களன்று, முதல் இடைவேளையில், மார்பு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மாலை பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. யாரோ ஓடிப்போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்த லாரியைக் கூட்டிவந்து, டிரைவர் பக்கத்தில் அவரை உட்காரவைத்து அனுப்பினார்கள். தொப்பூர் கணவாயில் ஏதோ ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பின்னால் அந்த லாரியும் நின்றது. வழி கிடைத்தபோது அவர் உயிர் போயிருந்தது. ஐம்பத்தொரு வயது. எங்கள் பள்ளி இருக்கும் அரூரிலேயே வேலை பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி நடந்துபோகிற தூரம்.

அவரை அந்த ஊருக்கு அனுப்பியது யார், எதற்காக என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதில் என் பெயரும் உண்டு.

சவரிமுத்துவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் கடலையும் போட்ட கத்தோலிக்கக் குடும்பம். அவர் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடைசிவரை ஏர் ஓட்டினார்கள். இவர் ஒருவர்தான் கணக்குப் படித்து வாத்தியாரானவர். நான் தமிழ். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “புலவரே” என்பார், பாதி மரியாதையும் பாதிக் கிண்டலுமாக. நான் அவரைச் சார் என்பேன். ஆசிரியர் அறையில் எங்களுக்குள் தகராறு வராத நாள் கிடையாது. பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் தகராறு.

அவருக்கு அதில் பைத்தியம் என்றே சொல்லலாம். அந்தப் பைத்தியத்தின் அளவு எனக்குப் புரிந்தது அரூர் பஸ் நிலையத்தில். சேலம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் மஞ்சள் பையும் பறக்கும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சீட்டில் ஒரு பெரியவர் துண்டு போட்டுவிட்டுச் சுற்றி வருவதற்குள் ஓர் அம்மா அதை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“துண்டு போட்டிருக்கன், கண்ணு தெரியலயா?” என்றார் பெரியவர்.

“ஆளே இல்லாத எடத்துக்கு இன்னாய்யா சண்ட?” என்றார் அந்த அம்மா.

எங்கள் இருவருக்கும் உட்கார இடம் இல்லை. சவரிமுத்துவின் முகத்தில் மட்டும் லாட்டரி விழுந்த சந்தோஷம். “பாத்தீங்களா புலவரே, ரெண்டு பேரு சொல்றதும் சரிதாங்க. ஆளு இல்ல. ஆனா எடம் காலியும் இல்ல. பாபிலோன்ல களிமண் பலகையில கணக்கு எழுதினவன் போட்டது இந்தத் துண்டுதான். நடுவுல ஒரு எடம் சும்மா இருந்தா, பக்கத்து எண்ணு வந்து ஒக்காந்துடக் கூடாதுன்னு ரெண்டு ஆப்பு மாதிரி கீறி வெச்சான். கடலுக்கு அந்தாண்ட அமெரிக்காவுல இருந்த மாயருங்க சிப்பி மாதிரி ஒன்னு வரைஞ்சாங்க. அதுவும் துண்டுதான்.”

“அப்ப நம்ம ஆளுங்க என்னதான் கிழிச்சாங்க?” என்று கேட்டேன். தமிழ் வாத்தியாருக்கு வரும் இயல்பான எரிச்சல்.

“டிக்கெட்டு கிழிச்சாங்க. துண்டு போட்டு எடம் பிடிக்கிறது எவனும் பண்ணுவான். அந்தத் துண்டையே ஒரு பயணியா நெனச்சு, அதுக்கும் டிக்கெட்டு கிழிச்சவன் வடக்க இருந்த நம்ம ஆளு ஒருத்தன்தான். துண்டோட ஒன்னக் கூட்டுனா என்ன, துண்டுல இருந்து ஒன்னக் கழிச்சா என்ன, பெருக்குனா என்னன்னு சுலோகத்துல விதி எழுதுனாரு. ஒலகத்துல வேற எவனுக்கும் அந்தத் துணிச்சல் வரல.” அந்தப் பழைய அறிஞர் வகுத்தலில் சறுக்கியதையும், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டதையும் இன்னும் பிரியமாகச் சொன்னார். “பெரிய ஆளுங்க தப்பு பண்ணுனாலும் பெருசாத்தான் பண்ணுவாங்க” என்றார். சேலம் வரை நின்றுகொண்டே வந்தோம். கால் வலித்தது எனக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் கேட்டு அவர் பெருமை பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமைக்கு அவர் பரம எதிரி. ஒருமுறை நான், புத்த மதத்தார் சூனியம் என்று பேசினார்களே, அதிலிருந்துதானே கணக்கில் பூஜ்ஜியம் வந்திருக்கும் என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார். “எந்தப் பொருளும் தனியா நிக்காது, ஒன்ன ஒன்னு பிடிச்சுக்கிட்டுதான் நிக்குதுன்னு அவுங்க சொன்னாங்க. பூஜ்ஜியமும் தனியா நின்னா ஒன்னுமில்ல, ஒன்னுக்குப் பக்கத்துல நின்னா பத்து. பொருந்துதுதான். ஆனா அதுல இருந்துதான் இது வந்துச்சுன்னு எவனும் எழுதி வெக்கலியே? எனக்கும் சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆசை வேற, ஆதாரம் வேற புலவரே.” இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயால் கேட்காத ஆசிரியர் எங்கள் பள்ளியில் இல்லை. கேட்டு நடந்தவர் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடித்த கையோடு வெள்ளை வேட்டி சட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகவேண்டும், பழைய கல்லெழுத்து ஒன்றை நான் படித்துக் காட்டவேண்டும் என்றார். வெயிலில் மலை ஏறினோம். ஈரத் துணியோடு பக்தர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வழியோரம் கிடந்த ஒரு கல்லில் தண்ணீர் தெளித்து, விபூதியைப் பூசித் துடைத்தால் எழுத்து தெளிந்து வரும். அப்படித் துடைத்து விரலை வைத்துப் படித்தேன். ஏதோ நிலத்தின் அளவு. முந்நூற்று நாலு குழி. மூன்றுக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, நாலுக்கு ஒரு குறி.

“நடுவுல ஒன்னும் இல்லியா?”

“இல்லை. நூறுக்கே தனி எழுத்து இருக்கிறதே, நடுவில் என்ன வேண்டியிருக்கிறது?”

அவர் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “குவாலியர்ல ஒரு கோயில் செவுத்துல சாமிக்குப் பூந்தோட்டம் விட்ட கணக்கு இருக்குதாம். அதுல சின்னதா ஒரு வட்டம் போட்டு எரநூத்தி எழுவதுன்னு எழுதியிருக்கான். அங்கயும் கோயிலு, இங்கயும் கோயிலு. சிதம்பரத்துல திரைய வெலக்கி வெறும் எடத்தக் காட்டிக் கும்புடச் சொல்றீங்க. எங்க சாமியாரு ஒன்னுமில்லாததுல இருந்து ஒலகத்தப் படைச்சாருன்னு பிரசங்கம் வெக்கிறாரு. ஒன்னுமில்லாதத இம்புட்டுக் கும்பிட்டவங்களுக்கு அதுக்கு ஒரு எழுத்து வெக்கத் தோணல பாருங்க. ஏன்?”

எனக்கு ரோஷம் வந்தது. பழந்தமிழில் பாழ் என்று ஒரு சொல் இருக்கிறது, எண்களை அடுக்கிச் சொல்லும்போது அதையும் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் துள்ளி எழுந்தார். “அப்படிப் போடுங்க! அப்ப சொல்லு இருந்துச்சு, எழுத்துதான் இல்ல. இத நாம எழுதணும் புலவரே.” நாம் என்றுதான் சொன்னார். நான் மறக்கவில்லை.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மாவட்ட அளவில் ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. சவரிமுத்து “பூஜ்ஜியம் வந்த வழி” என்று ஆறு அட்டைகள் செய்தார். ஐந்தாவது அட்டையில் தீர்த்தமலைக் கல்லின் மூன்று குறிகளையும் வரைந்து, அடியில் இப்படி எழுதினார்: “நம் பழைய கல்லெழுத்துகளில் பூஜ்ஜியத்துக்குக் குறி இல்லை. சொல் இருந்தது. அவர்கள் எண்ணிய முறையில் குறி தேவைப்படவில்லை.” மூன்று வாக்கியங்களையும் சொல்லச் சொல்ல எழுதவைத்தவன் நான்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் காலையிலேயே வந்து சுற்றிப் பார்த்தார். அவர் என் மனைவிக்குத் தாய்மாமன். நிலபுலன், பேச்சு, சத்தம் மூன்றும் உள்ளவர். வரப்போகும் அதிகாரியிடம், பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்தவனே தமிழன் என்று எங்கள் பள்ளி நிரூபித்திருப்பதாக முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. ஐந்தாவது அட்டை முன்னால் நின்றுவிட்டார்.

“யாரு சார் இத எழுதுனது?”

“நான்தாங்க” என்றார் சவரிமுத்து.

“நம்ம முன்னோருக்குப் பூஜ்ஜியம் தெரியாதுங்கிறீங்க?”

“தெரியும்னுதாங்க போட்டிருக்குது. கல்லுல எழுத்து இல்லன்னுதான் சொல்றோம். முந்நூத்தி நாலுன்னா மூணு, நூறு, நாலு. சீட்டெல்லாம் ரொம்பிப்போன பஸ்ஸுல துண்டு எதுக்குங்க?”

“எங்க மலைக் கல்லப் படிக்க நீங்க யாருய்யா? ஒங்க மாதா கோயிலு செவுத்த நாங்க படிக்க வந்தமா?”

நான் இரண்டு மேஜை தள்ளி நின்றிருந்தேன். சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். நான் குனிந்து மின்சார மணி மாதிரியின் ஒயரைச் சரிசெய்தேன். அந்த ஒயரில் ஒரு கோளாறும் இல்லை.

அட்டையை அன்றைக்கே கழற்றினார்கள். விஷயம் அதோடு நிற்கவில்லை. கிறிஸ்தவ வாத்தியார் கோயில் கல்லைக் கேவலப்படுத்தினார் என்று தேநீர்க் கடை வரைக்கும் பேச்சானது. தலைமையாசிரியர் எங்கள் இருவரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார். அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“மாப்ள, நீங்கதான் படிச்சுக் காட்டுனீங்கன்னு ஒரு பேச்சு. நான் நம்பல. நம்ம வூட்டுப் புள்ள அப்படிப் பண்ணாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கன். என்னப் பொய்யனாக்கிடாதீங்க.”

மறுநாள் நான் எழுதிக் கொடுத்தது இது: “மேற்படி வாசகம் குறித்து எனக்கு எதுவும் தெரியாது. நான் எந்தக் கல்லெழுத்தையும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஆயிரம் பேருக்கு இலக்கணம் நடத்திய கை, ஒரு பிழையும் இல்லாமல் அதை எழுதியது.

தலைமையாசிரியர் அதை அவரிடம் காட்டிவிட்டு, இப்போது உங்கள் விளக்கத்தை எழுதுங்கள் என்றிருக்கிறார். சவரிமுத்து எழுதினார்: “கல்லை நானே படித்தேன். பிழை இருந்தால் என்னுடையது.” பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “வாங்க புலவரே, டீ சாப்பிடலாம்” என்றார். போனேன். டீயும் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமையாசிரியரின் அறிக்கை மேலே போய், சவரிமுத்துவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஏழு நாட்களுக்குள் புதிய பள்ளியில் சேரவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் இங்கே அவரை விடுவித்தார்கள். மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் கடைசி நாள்வரை வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் தாமதம் என்று அலுவலகத்தில் குறித்துவிட்டார்கள். அவர் கணக்கில் விடுவித்த நாள் பூஜ்ஜியம், புதன்கிழமை ஒன்று. அலுவலகக் கணக்கில் செவ்வாயே ஒன்று, ஆகவே திங்களோடு ஏழு முடிந்தது. இதைப் பேச அவர் போனபோது நானும் கூடப் போனேன். கூடப் போவதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது.

எழுத்தர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் சொன்னார். “சார், நீங்களே சொல்லுங்க. நம்ம பக்கம் பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படி எண்ணுறோம்? செத்த அன்னைக்கே ஒன்னுதானே? அத விட்டுட்டு மறாநாள்ள இருந்து எண்ணுனா ஊரு சிரிக்காதா? எல்லாத்துக்கும் ஒரே கணக்குதாங்க.”

சவரிமுத்து சத்தமாகச் சிரித்துவிட்டார். “நெசந்தாங்க. எங்க ஆண்டவரும் அப்படித்தான் எண்ணுனாரு. வெள்ளிக்கெழம செத்து ஞாயித்துக்கெழம எந்திரிச்சாரு, மூணாம் நாள்னு எழுதி வெச்சுட்டாங்க. பூஜ்ஜியம் வரதுக்கு முன்னாடி ஒலகமே இப்படித்தான் எண்ணுச்சு. ஒங்க மேல தப்பு இல்ல.” வெளியே வந்ததும் நான் கத்தினேன். பிற்பகலில் விடுவித்தால் மறுநாளிலிருந்துதான் எண்ணவேண்டும் என்று விதியே இருக்கிறதாமே, மேலே எழுதுங்கள் என்றேன். “எழுதலாம். அந்த மனுசன் பாவம், பெரியவங்க எண்ணுனபடி எண்ணிப்புட்டாரு. அவர எதுக்கு மாட்டிவிடணும்?” என்றார்.

இங்கேதான் சார், உங்கள்மேலேயே எனக்குக் கோபம். மன்னிப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? நீங்கள் விட்டுக்கொடுத்த அந்த ஒரு நாள் உங்கள் பணிப்பதிவேட்டில் அனுமதியில்லாமல் வராத நாள் என்று ஏறியது. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது, உங்களுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் உங்களைத் தாண்டிப் போனார்கள். பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நீங்கள், உங்கள் விஷயத்தில் அதை நிலைநாட்ட ஒரு காகிதம் செலவழிக்கவில்லை. சிரித்தீர்கள். நாங்கள் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா?

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாற்றலாகி ஒரு வருடம் கழித்து, தருமபுரியில் விடைத்தாள் திருத்தும் இடத்தில் சந்தித்தோம். பூஜ்ஜியத்தின் கதையைச் சிறு புத்தகமாக எழுதி முடித்திருந்தார். “ஒரு வரி எழுதித் தருவீங்களா புலவரே? என்மேல இருக்கிறத எடுக்கறதுக்கு இல்ல. அது போனாப் போவுது. கல்லப் படிச்சது நீங்க, படிப்பு சரின்னு ஒரு வரி. அத வெச்சுத்தான் அச்சுக்குக் குடுக்கணும்.”

“நீங்களே படித்ததாகத்தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே” என்றேன். வெட்கம் கெட்டவன்.

“ஆபீசுக்கு எழுதுனது வேற. புஸ்தகத்துல எப்படிங்க பொய் போடறது?”

எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று வருடம் ஓடியது. அவர் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார், அதில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. கேட்டிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். பொய். மாமா உயிரோடு இருக்கிறார், ஊர் இருக்கிறது, நான் எழுதியிருக்க மாட்டேன். புத்தகம் அச்சாகவில்லை.

செவ்வாய் மாலை அடக்கத்துக்குப் போனேன். மாமாவும் மாலையோடு வந்திருந்தார். சவரிமுத்துவின் மனைவி ஜெசிந்தா அம்மாள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், நீங்க தமிழ் வாத்தியாரு. ஒங்களுக்குத் தெரியும். அந்த மலைக் கல்லுல இருந்தத இவரு தப்பாப் படிச்சிட்டாரா? அதுக்காகத்தான இம்புட்டு தூரம் தூக்கி அடிச்சாங்க?” மாமா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார், நான் தப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். தலைமையாசிரியர், சவரிமுத்து பள்ளிக்குப் பெருமை சேர்த்தவர் என்றார். பிறகு மாமா எழுந்தார். “மதம் பாக்காத மனுசன். நம்ம தீர்த்தமலைக் கல்லுல பூஜ்ஜியம் இருக்குதுன்னு கண்டுபிடிச்சு ஒலகத்துக்கே காட்டுனவரு” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. இல்லை என்று சொன்னதற்காக ஒரு மனிதனை ஊர்விட்டுத் துரத்திவிட்டு, செத்தபிறகு அவன் இருக்கிறது என்று சொன்னதாகப் புகழ்வது. ஆதாரம் ஆதாரம் என்று வாழ்நாளெல்லாம் பிடித்துத் தொங்கியவரைப் பொய்யராக்கி மாலை போட்டுவிட்டார்கள்.

நான் எழுந்தேன். தீர்மானத்தை வாசிக்கத்தான் எழுகிறேன் என்று நினைத்துத் தலைமையாசிரியர் ஒதுங்கி இடம் விட்டார். “அந்தக் கல்லில் பூஜ்ஜியம் இல்லை. இல்லை என்று படித்தவன் நான். அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த விளக்கம் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அவரை மாற்றினீர்கள்” என்றேன்.

“மாப்ள, ஒக்காருங்க” என்றார் மாமா.

உட்காரவில்லை. எனக்கு அப்போது வந்த சத்தத்தில் எதிர் வகுப்பறைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். அதே வார்த்தைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவர் பேரில் இருக்கும் அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பார்களோ, எடுக்கட்டும்.

சனிக்கிழமை காலை ஜெசிந்தா அம்மாளைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்து சொல்கிற விஷயமா அது?

“அப்ப அவரு தப்பாப் படிக்கலீங்களா?”

“அவர் படிக்கவே இல்லைம்மா. நான் படித்தேன். சரியாகத்தான் படித்தேன். பிறகு பயந்துகொண்டு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

“நாலு வருசங்க” என்றார். “ஒவ்வொரு திங்கக்கெழமையும் பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப ஏசுவன். தெரியாத எழுத்த எதுக்குங்க படிக்கப் போனீங்க, உங்க தப்புக்கு நாங்க எல்லாம் தனியாக் கெடக்கறமேன்னு. எங்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? சிரிச்சுக்கிட்டே பையத் தூக்கிக்கிட்டுப் போவாரு. செத்த அன்னைக்குக் காலையிலயும் அதையேதாங்க சொல்லி அனுப்புனன். அத இப்ப எங்க போயிங்க நான் திருப்பி வாங்கறது?”

சவரிமுத்துவிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், அவருடைய கணக்கு எனக்கு வராது, அவருடைய பொறுமை எனக்கு வேண்டாம். நாலு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாசலில் அவர் வாங்கிய ஏச்சு எனக்கு வரவேண்டியது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.